நாலாம் எண்ணை மூட மறந்த டீச்சர்

எங்கள் ஊர்ப் பெண்கள் பாலிடெக்னிக்கின் வாசலுக்கு நேர் எதிரே பதினேழு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான், லூர்தம்மாள். கம்ப்யூட்டர் பிரிவுப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளை நகல் எடுத்து எடுத்தே சி மொழி கற்றுக்கொண்டவள். அதனால் பதினோராம் நம்பர் கம்ப்யூட்டரில் நடந்ததைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் யோக்கியதை உண்டு. இல்லை என்கிறவர்கள் இனிமேல் வேறு கடையில் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

சி மொழியில் ரீட் என்று ஒரு கட்டளை. எந்த எண்ணிட்ட வாசலிலிருந்து வாசிக்க வேண்டும், வாசித்ததை எதில் போட வேண்டும், அதிகபட்சம் எத்தனை பைட் வேண்டும் என்று மூன்று விஷயம் அதற்குச் சொல்ல வேண்டும். பூஜ்யம், ஒன்று, இரண்டு ஆகிய எண்கள் புரோகிராம் பிறக்கும்போதே கூடப் பிறந்தவை, விசைப்பலகைக்கும் திரைக்கும் தப்பைச் சொல்வதற்குமாக அவை போய்விடும், மூன்றிலிருந்துதான் நாமாக ஓப்பன் கட்டளை போட்டுத் திறக்க வேண்டும். திறக்காத எண்ணை வாசித்தால் மைனஸ் ஒன்று என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும், இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை என்றால் ரீட் பொறுமையாகக் காத்திருக்கும், வர வேண்டியதெல்லாம் வந்து முடிந்துவிட்டால் பூஜ்யம் வரும். இவ்வளவுதான் ரீட், இதைப் படிக்கத்தான் பிள்ளைகள் ஒரு செமஸ்டர் முழுக்க அழும்.

புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பேச்சியம்மாள் என்ற இரண்டாம் வருஷத்துப் பெண், பெயருக்குத் தகுந்த வாயாடி, ஓப்பன் போட மறந்துவிட்டு நேரே மூன்றாம் எண்ணை வாசிக்கச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா, மாப்பிள்ளை பார்த்த விஷயத்தில் மகளோடு பதினோரு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லாதவள், மகள் மறந்து வைத்துவிட்டு வந்த சோற்று டப்பாவைக் கொண்டுவந்து பதினோராம் நம்பர் மேசையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கியதால் மேசையில் கையை ஊன்றி நின்றாள். மைனஸ் ஒன்று வர வேண்டிய திரையில், "தயிர்ச்சோறுதான். ஊறுகா அடியில இருக்கு. வயித்தக் காயப் போடாத" என்று வந்தது. அம்மாவின் வாய் மூடியது மூடியபடி இருந்தது.

பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் லேப் டீச்சர் செண்பகவல்லி ஓடி வந்தார், திரையைப் படித்தார், புரோகிராமைப் படித்தார், டப்பாவைத் திறந்து அடியில் ஊறுகாய் இருப்பதையும் சரிபார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, "ஓப்பன எங்கட்டி காணோம்? ரெண்டு மார்க் கொறச்சிருக்கேன்" என்றார். எங்கள் ஊர் ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான்.

அடுத்த வாரமே பிரின்ஸிபால் அறிவிப்புப் பலகையில் சனிக்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை பொதுமக்களுக்கு என்று எழுதிப் போட்டார், டோக்கன் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மௌன விரதம் எடுத்த குருக்கள் பீரோ சாவியை எங்கே வைத்தார் என்று தெரிந்துகொள்ள அவருடைய சம்சாரம் வந்தார். சுவர்த் தகராறில் ஒன்பது வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி வந்தார்கள், அண்ணன் மேசையில் கை வைத்ததும், "தம்பி, சுவரு உம் பக்கம் ஒரு சாண் வந்தது நெசந்தான்" என்று வந்தது, இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுததில் கீபோர்டில் தண்ணீர் இறங்கி அதை வெயிலில் காயவைத்தோம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு மருமகள், பேசாத மாமியாரைக் கூட்டிவந்து உட்கார வைக்க, முதல் வாசிப்பில் "உன்ன அடி" என்று வந்தது. மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். டீச்சர் அவளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "நூறு கேட்டா நூறும் ஒரே மூச்சுல வரும்னு யாரு சொன்னது? ரீட் குடுக்கிறத வாங்கிக்கிட்டுத் திரும்பக் கேக்கணும், பூஜ்யம் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றார், அடுத்த வாசிப்பில் "க்கடி நெனச்சுக்குவேன் தாயி" என்று வந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்களிடம், பூஜ்யம் வந்துருச்சா என்று கேட்கும் வழக்கம் வந்தது. டீக்கடையில் கோபமாக எதையாவது சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவனுக்கு மைனஸ் ஒண்ணு என்று பட்டப்பெயர் விழுந்தது. ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், அதோடு காலோ கொம்போ புள்ளியோ சேர்ந்தால் ஆறு என்று பூக்காரிகூட விரல் விட்டுச் சொன்னாள்.

மூன்று இருந்தால் நான்கும் இருக்க வேண்டுமே என்று கண்டுபிடித்தது செண்பகவல்லி டீச்சர்தான். மூன்று வாசிக்கிற முனை, நான்கு எழுதுகிற முனை, இரண்டும் ஒரே குழாயின் இரண்டு வாய். மேசையில் கை வைக்கிறவர் கையில் நான்காம் எண் இருக்கிறது, கையை எடுத்தால் அந்த முனை மூடிக்கொள்ளும், மேசையில் ஒரு கைகூட இல்லாமல் போனால்தான் பூஜ்யம் வரும். வாசிக்கிறவரும் கையை மேசையில் வைத்துத் தொலைத்தால் அவர் மனசில் இருப்பதே திரும்ப அவருக்கு வரும். பெண் பார்க்க வந்த இடத்தில் திருப்தியாகாமல் பெண்ணை இங்கே கூட்டிவந்த ஒரு மாப்பிள்ளை, ஆர்வத்தில் தானும் மேசையில் கையைப் பதித்துவிட, "உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று வரிவரியாக வந்தது. "ஐயோ, அது நான் சொல்லல" என்று அந்தப் பெண் கும்பிட்டாள். டீச்சர் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தார்: வாசிப்பவர் கை மடியில்.

இப்படி ஊருக்கெல்லாம் சொன்ன டீச்சர்தான் தன் விஷயத்தில் கோட்டை விட்டார், அதைத்தான் சொல்ல வந்தேன்.

டீச்சருடைய வீட்டுக்காரர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டு மைக்கில் எந்த பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று இருபத்தெட்டு வருஷம் சொன்னவர். பகலெல்லாம் மைக்கில் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிடத்தான். டீச்சரோ பகலெல்லாம் லேப்பில் பேசியது போதாமல் வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் பேசுகிறவர், அண்ணாச்சி அத்தனையும் கேட்டுக்கொண்டு தலையாட்டுவார், இருபத்தாறு வருஷக் குடித்தனம் அப்படி அழகாக ஓடியது. ஒரே ஒரு குறைதான் டீச்சருக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, இந்தா என்பார், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் ஒரு தடவை செண்பகம் என்று கூப்பிட்டால் என்ன குறைந்துபோகும் என்று டீச்சர் என் கடையில் நின்று எத்தனையோ தரம் புலம்பியிருக்கிறார்.

ஆடி மாதம் அண்ணாச்சிக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சத்தம், பே. காலையில் பே, மத்தியானம் பே, கண்ணில் நீர் வழிய வழியப் பே. டீச்சர் அது என்ன சொல் என்று கண்டுபிடிக்க மண்டையை உடைத்துக்கொண்டார், "பேப்பர் வேணுமா? பேனா வேணுமா? பேதியாகுதா? பேரா? எம் பேரச் சொல்லணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அண்ணாச்சி தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பதினோராம் நம்பர் பேச ஆரம்பித்ததும் டீச்சர் சும்மா இருப்பாரா? கரும்பலகையில் எழுதிய மறு சனிக்கிழமையே ஆட்டோவில் அண்ணாச்சியைக் கூட்டிவந்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மேசைப் பக்கம் தள்ளினார். அண்ணாச்சிக்கு இடக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல காரியத்துக்கு யாராவது இடக்கையை நீட்டுவார்களா? அதனால் டீச்சர் அவருடைய வலக்கையை எடுத்து மேசையில் வைத்தார், அது வழுகி வழுகி விழுந்தது, விழாமல் இருக்கத் தன் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். டீச்சருடைய விரல்கள் இரண்டு பக்கமும் மேசையில் பதிந்திருந்தன. கரும்பலகை அவருக்குப் பின்னால் இருந்தது.

திரையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. "செண்பகம், சாப்பிட்டியா?" "செண்பகம், இந்தச் சேல உனக்கு எடுப்பா இருக்கு." "செண்பகம், எனக்கு ஒரு குறையும் இல்ல, நீ கவலப்படாத." டீச்சர் ஒவ்வொரு வரியையும் எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார், முகமெல்லாம் பூரிப்பு. வாரா வாரம் நான்கு மணிக்கு மெயினை அணைக்கும் வரைக்கும் வரும், பூஜ்யம் மட்டும் வராது. "எல்லாருக்கும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருது, எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பேச்சு முடியவே மாட்டேங்குது பாரு" என்று பெருமையாகச் சொல்வார். அந்த நேரம் அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், திரையை ஒரு நாளும் பார்த்ததில்லை, இடையிடையே பே பே என்பார், கண் நிறைந்து வழியும். ஆனந்தக் கண்ணீர் என்று டீச்சர் துடைத்துவிடுவார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டுமா, டோக்கன் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், அந்த மாப்பிள்ளையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஊர்தானே இது. ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஆறு மாதம் ஊரே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றது. இருபத்தாறு வருஷம் ஆசைப்பட்ட வார்த்தையை ஒரு பெண் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா தாயே, அது உன் வார்த்தை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

மாசியில் அண்ணாச்சி சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தார். கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். பங்குனியில் கழுத்தெலும்பு தெரிந்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "வயித்துல ஒரு கோளாறும் இல்லம்மா. மனசுல எதையோ வச்சுக்கிட்டுத் தவிக்கிறார். அது என்னன்னு கண்டுபிடிங்க, இல்லன்னா ஆளு நமக்கு நிக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் வந்து அதைப் பதினோராம் நம்பரில் கேட்டார், "செண்பகம், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று வந்தது. முதல் தடவையாக அந்த வரியை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு மணிக்கு, மாடல் தேர்வு வினாத்தாள் நகல்களைக் கொடுக்க லேப்புக்குப் போனேன். டீச்சர் ரெக்கார்டு நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். குழாய் பற்றிய பாடம், வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற அதே தப்பை பேச்சியம்மாளும் செய்திருந்தாள், டீச்சரும் வருஷா வருஷம் எழுதுகிற அதையே சிவப்பு மையில் எழுதினார்: உன் கையிலுள்ள எழுதும் முனையை நீ மூடவில்லை. நீ எழுதியதையே நீ வாசிப்பாய். முடிவு வரவே வராது.

எழுதி முடித்த பேனா அந்தப் பக்கத்திலேயே நின்றது, மை ஊறிப் பரவியது. டீச்சர் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லூர்து, ஒண்ணு கேப்பேன், பொய் சொல்லக் கூடாது. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சரக்கா."

"எப்ப இருந்து?"

"மொத வாரத்துல இருந்து. நல்ல நல்ல வார்த்தையா வந்துச்சுக்கா. எப்படிச் சொல்ல?"

டீச்சர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் அவுக பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாகன்னு தெரிஞ்சவதான" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு, "நான் பேச்ச நிறுத்துனா வீட்டுல ஒரு சத்தம் இல்ல லூர்து. அந்த மனுசன் மூச்சு விடுதாகளான்னு தெரிய மாட்டேங்குது. பயமா இருக்கு. அதான் வாய் ஓயாமப் பேசிக்கிட்டே இருக்கேன், குளிப்பாட்டும்போதும் பேசுதேன், அவுக தூங்கும்போதும் பேசுதேன்" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு ஆட்டோ வந்தது. அண்ணாச்சியை இறக்கி உட்கார வைத்தோம், சட்டைக்குள் ஆள் இல்லாத மாதிரி இருந்தார். அன்றைக்கு முதல் டோக்கன் டீச்சருடையது, மற்றவர்கள் வராந்தாவில் நின்றார்கள். முன்னூறு பைட் கேட்கும் புரோகிராமை என்னை ஓடவிடச் சொல்லிவிட்டு, டீச்சர் நாற்காலியை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார், இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சியின் வலக்கையை நான் மேசையில் வைத்தேன். அது வழுகி விழுந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. டீச்சரின் கோத்த கைகள் துடித்துப் பிரிந்தன, பிறகு தாமாகவே சேர்ந்துகொண்டன. "ஏங்க" என்று ஆரம்பித்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வராந்தாவில் ஒரு குழந்தை அழுதது, அதை யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

அண்ணாச்சி வேப்பமரத்திலிருந்து பார்வையை எடுத்தார். டீச்சருடைய முகத்தைப் பார்த்தார், மடியிலிருந்த கைகளைப் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார். அவருடைய இடக்கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து மெல்ல எழும்பியது. "இடக்கையா" என்ற சொல் டீச்சரின் தொண்டை வரைக்கும் வந்து நின்றதை நான் பார்த்தேன், அதை அவர் விழுங்கியதையும் பார்த்தேன். அண்ணாச்சி அந்தக் கையை மேசையில் வைத்து விரல்களை விரித்தார்.

ரீட் காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். முன்பெல்லாம் கொட்டிய திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை, கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிஷம் போயிற்று. குழாய்க்குள் ஒன்றுமே இல்லையோ, அந்த மனுஷனிடம் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லையோ என்று நினைத்தேன்.

ஆறு பைட் வந்தது. பே.

டீச்சரின் உதடுகள் அசைந்தன, எட்டு மாதமாகக் கேட்ட அத்தனை கேள்வியும் வரிசையாக வந்து வாசலில் நின்றிருக்கும், ஒன்றையும் அவர் வெளியே விடவில்லை. நான் திரும்ப ஓடவிட்டேன்.

ஒன்பது பைட். சாம.

திரும்ப.

பத்து பைட் வந்தது. ஒரு இடைவெளி, பிறகு, இரு.

பேசாம இரு. எனக்கு நெஞ்சில் தீக்குச்சியை உரசின மாதிரி ஆகிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை, போயும் போயும் இதைச் சொல்லத்தானா இத்தனை தவிப்பு என்று அண்ணாச்சி மேல் கோபம்கூட வந்தது. டீச்சர் முகம் சுண்டிச் சின்னதாகிப் போனது, ஆனாலும் தலையை ஆட்டினார், சரி என்று ஒரு தரம், சரி என்று இன்னொரு தரம். எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போடப் போனார். எத்தனை பேரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவர், அவருக்கே மறந்துவிட்டது. நான்தான் அவருடைய தோளை அழுத்தி, "பூஜ்யம் வரலக்கா, உக்காருங்க" என்றேன்.

இன்னொரு இடைவெளியோடு இருபத்தெட்டு பைட் வந்தது.

பக்கத்துல.

டீச்சர் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. அழுதார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு இடக்கையை மேசையிலிருந்து எடுத்து, டீச்சர் மடியில் கோத்து வைத்திருந்த கைகளின் மேல் வைத்தார். மேசையில் ஒரு கையும் இல்லை. திரையில் பூஜ்யம் வந்தது. டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, நாற்காலியை இன்னும் ஒரு சாண் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.